ரெகுலேட்டரை நகைக்கடை அல்ட்ராசோனிக் கருவியில் கழுவலாமா?

கேள்வி: திருவான்மியூர்க் கரை

அனைவருக்கும் வணக்கம். மாதம் ஒருமுறையோ இருமுறையோ புதுச்சேரிக்குச் சென்று ஸ்கூபா டைவிங் செய்து வருகிறேன். சென்ற வாரம், சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து நாம் மூச்சுவிடத் தரும் ரெகுலேட்டரைத் துடைத்தபோது, அதன் முதல் நிலையில் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) சிலிண்டரோடு பொருந்தும் வாயில் உள்ள சிறு வடிகட்டி பச்சை நிறமாகியிருப்பதையும், அதைச் சுற்றி உப்பு பூத்திருப்பதையும் கண்டேன். தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர், தம் கடையில் உள்ள அல்ட்ராசோனிக் கருவியில், அவர்கள் பயன்படுத்தும் அதே திரவத்திலேயே ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். கழற்றாமல் அப்படியே போடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கடலாடி

அன்புள்ள நண்பருக்கு, தயவுசெய்து அப்படியே போட வேண்டாம். வடிகட்டி பச்சையாகியிருக்கிறது என்றால், மூடியைச் சரியாகப் போடாமலோ ஈரத்தோடு போட்டோ உள்ளே உப்புநீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அது பித்தளையில் ஏறும் களிம்பு. அந்த வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை, புதிதாக மாற்றிவிட வேண்டும். அதற்கு அப்பால் உள்ள பகுதிகளையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அல்ட்ராசோனிக் கருவிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 40,000 முறை அதிர்கின்றன. அந்த அதிர்வில் திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றித் தோன்றி உடைவதால்தான், தூரிகை நுழையாத மரைகளிலும் நுண்துளைகளிலும் படிந்த உப்பு பெயர்ந்து வருகிறது. ஆனால் முழு ரெகுலேட்டரையும் மூழ்கவிட்டால், பெயர்ந்த உப்பும் திரவமும் வெளியேற வழியின்றி வால்வின் இருக்கையிலேயே (காற்று வரும் துளையை அழுத்தி மூடும் சிறு பாகம்) போய்த் தங்கும். ஆகவே ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), டயாஃபிரம் (அழுத்தத்துக்கு ஏற்ப வளையும் மெல்லிய தகடு), இருக்கை ஆகியவற்றைக் கழற்றிய பிறகு, வெறும் உலோகப் பாகங்களை மட்டுமே கருவியில் இட வேண்டும்.

உங்கள் மைத்துனர் சொன்ன திரவம்தான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. நகை கழுவும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. தங்கத்துக்கு அதனால் கேடில்லை, பித்தளைக்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டதும், குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டதும் உலோகவியல் படித்தவர்கள் அறிந்த செய்தி. முதல் நிலையின் உடலும் குரோமியம் பூசிய பித்தளைதான். அது 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது.

பதில்: நீலாங்கரை நீச்சல்

கடலாடி ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போல இங்கும் களிம்பை நீக்குவது அமிலம்தான். பலரும் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து பயன்படுத்துகிறார்கள். தயாரிப்பாளரின் கையேடு வேறு திரவத்தைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தொலைபேசி அழைப்பில் நேரம் போனது தெரியாமல், முதல் நிலையின் உடலை வினிகர்க் கலவையில் அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது, குரோமியம் தேய்ந்திருந்த மரையின் ஓரம் முழுவதும் மஞ்சள் போய் இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே எஞ்சியதன் அடையாளம் அது. அந்த உடலை நான் பிறகு கடலுக்குள் கொண்டுசெல்லவே இல்லை. இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். களிம்பு போனவுடன் நிறுத்திவிடுகிறேன்.

அலுமினியப் பாகங்களை வினிகரில் இடவே கூடாது. பாகங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி கூடையில் தனித்தனியாக வையுங்கள். இருக்கை வந்து அமரும் துளையின் விளிம்பு கத்தி முனை போன்றது. அதில் சிறு கீறல் விழுந்தாலும் காற்று கசியும். கடைசி அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம், நம் பகுதியில் அது காய்ந்தால் வெண்படலம் விட்டுப் போகிறது. காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசி, உடனே உலர்த்துங்கள்.

கேள்வியாளர்: திருவான்மியூர்க் கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுத்தமானியையும் டைவ் கம்ப்யூட்டரையும் சாதாரணச் சோப்பு நீரில் இக்கருவியில் இடலாமா? நான் சில சமயம் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயன்படுத்துகிறேன் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பதில்: கடலாடி

அவை இரண்டையும் இடக் கூடாது. அதிர்வு உள்ளிருக்கும் நுண்பாகங்களையும் அடைப்புகளையும் கெடுத்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் போதும். நைட்ராக்ஸைப் பொறுத்தவரை, ஆக்சிஜன் 40 விழுக்காட்டைத் தாண்டும் கலவை என்றால், எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவி, சிலிக்கான் கிரீஸைத் தவிர்த்து, ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸை மட்டுமே தடவ வேண்டும்.

கழுவுவது வேலையில் பாதிதான். மீண்டும் பூட்டியபின் இடைநிலை அழுத்தத்தை, அதாவது முதல் நிலையிலிருந்து வெளிவரும் காற்றின் அழுத்தத்தை, மானியில் பார்க்க வேண்டும். பல ரெகுலேட்டர்களில் அது 9 முதல் 10 பார் வரை இருக்கும். முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால், இருக்கை சரியாக மூடவில்லை. அந்த மானியும் உரிய கருவிகளும் பயிற்சியும் உங்களிடம் இல்லையென்றால், திறக்காமல் அப்படியே பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். வடிகட்டி பச்சையாக இருந்ததை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.