சிலிண்டர் கேஸில் சிடி 0.27 தான் வருகிறது, அவசரம்

கடைசிபெஞ்ச்: சிலிண்டரைச் சுற்றிய பாய்வைக் கணினியில் ஓட்டுகிறேன். இழுவைக் குணகம் (சிடி) 0.27 தான் வருகிறது. பேப்பர்களில் எல்லாம் 1.3க்கு மேல். மெஷ்ஷை (கணக்குக் கட்டங்களை) மூன்று தடவை மாற்றியாயிற்று, அதே 0.27. திங்கட்கிழமை கைடைப் பார்க்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

நீர்ச்சுழி: ரெனால்ட்ஸ் எண் (பாய்வு சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டுவது) என்ன? எந்த சாஃப்ட்வேர்? 2டியா, 3டியா?

மெஷ்மாரி: மெஷ்தான், சந்தேகமே வேண்டாம். சிலிண்டரை ஒட்டிய முதல் செல் எவ்வளவு உயரம்? படம் போடுங்கள்.

ரமணி: கே-எப்சிலான் கொந்தளிப்பு மாடலைப் போட்டுப் பாருங்கள். என் பைப் கேஸ் அப்படித்தான் சரியானது.

நீர்ச்சுழி: ரெனால்ட்ஸ் எண்ணே தெரியாமல் கே-எப்சிலானா?

கடைசிபெஞ்ச்: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ரெனால்ட்ஸ் எண் 100. ஓபன்ஃபோம், ஐகோஃபோம் சால்வர், 2டி. விட்டம் 1, வேகம் 1, பாகுநிலை 0.01.

பழையகை: தம்பி, இதெல்லாம் பிஎச்டிக்கு வருமுன்பே தெரிந்திருக்க வேண்டும். டொமைன் (பாய்வைக் கணக்கிடும் வெளி) அகலம் விட்டத்தைப் போல 20 மடங்காவது வேண்டும். பக்கச் சுவர் நெருக்கினால் இப்படித்தான் வரும். இதே பதிலை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது?

நீர்ச்சுழி: அண்ணா, சுவர் நெருக்கினால் இழுவை கூடும், குறையாது. கடைசிபெஞ்ச், சுழல் உதிர்கிறதா? ஸ்ட்ரூஹால் எண், அதாவது உதிரும் வேகத்தைக் காட்டும் எண், என்ன?

கடைசிபெஞ்ச்: உதிர்கிறது, கார்மான் தெரு, அதாவது பின்னால் மாறி மாறி வரும் சுழல் வரிசை, அழகாகவே வருகிறது. 0.165.

பழையகை: கார்மான் தெரு என்று சொல்லாதீர்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் 1908லேயே அதைப் பார்த்து எழுதிவிட்டார்.

மெஷ்மாரி: பார்த்தவர் பேரை வைப்பதென்றால் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்த எல்லோர் பேரையும் வைக்க வேண்டும். எந்த வரிசையில் நின்றால் சுழல்கள் நிலைக்கும் என்று 1911இல் கணக்குப் போட்டது கார்மான். அவரே இத்தாலியின் பொலோன்யாவில் ஒரு தேவாலயத்தில் இருந்த ஒரு பழைய ஓவியத்தைச் சொல்லி, சுழல்களை நான் கண்டுபிடிக்கவில்லை என்றிருக்கிறார்.

பழையகை: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நீர்ச்சுழி: தெருவுக்குப் பேர் அப்புறம் வைக்கலாம். 0.165 சரியான எண். சுழல் சரியான வேகத்தில் உதிர்கிறதென்றால் பாய்வில் கோளாறில்லை. மெஷ், டொமைன், எதையும் தொடாதீர்கள். விசை சரியாகத்தான் வருகிறது, அதை எதால் வகுக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஓபன்ஃபோமில் 2டி என்றாலும் மெஷ்ஷுக்கு ஒரு செல் தடிமன் உண்டு. மெஷ்ஷை வரையறுக்கும் பிளாக்மெஷ் கோப்பில் இசட் எவ்வளவு? குணகம் கணக்கிடும் ஃபோர்ஸ்கோயெஃப்ஸில் வகுக்கிற ஏரெஃப் என்ன?

கடைசிபெஞ்ச்: இசட் 0 முதல் 0.2. ஏரெஃப் 1. 2டிதானே, விட்டம் போதும் என்று நினைத்தேன்.

நீர்ச்சுழி: ஏரெஃப் பரப்பு கேட்கிறது, நீளம் இல்லை. விட்டம் பெருக்கல் தடிமன், அதாவது 0.2. உங்கள் 0.27ஐ 0.2ஆல் வகுங்கள். மறுபடி ஓட்டக்கூட வேண்டாம்.

பழையகை: நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைசிபெஞ்ச்: 1.35. இரண்டு வாரம் போச்சு. நன்றிண்ணா.

தாமதவண்டி: எனக்கும் இதே சிக்கல். எல்ரெஃப் என்ற நீளத்தையும் மாற்ற வேண்டுமா?

நீர்ச்சுழி: அது திருப்புத்திறன் குணகத்துக்கு மட்டும். இழுவையைத் தொடாது.

ரமணி: அப்போ கே-எப்சிலான் வேண்டாமா?