பத்தாம் வகுப்பு: கட்டுரையைத் திருத்தி எழுத வைப்பது எப்படி?

கேள்வி (தமிழாசிரியை, தேனி):
கட்டுரை என்றாலே எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம்தான். சொந்தமாக எழுதச் சொன்னால் முன்னுரையிலேயே நின்றுவிடுகிறார்கள். மறுபடி எழுதச் சொன்னால், "அதான் எழுதிட்டேனே மிஸ்!" என்ன செய்யலாம்?

பதில் 1:
முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள் டீச்சர். 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று கொடுத்தால், முதலில் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் துண்டு துண்டாக வரட்டும். அப்புறம் வரிசைப்படுத்தலாம். முதல் படியில் சிவப்பு மை வேண்டவே வேண்டாம். ஒற்றுப்பிழையைச் சுழித்தால் பிள்ளை அதைத்தான் பார்க்கும், சொல்ல வந்ததை விட்டுவிடும்.

பதில் 2:
எழுதி முடித்த கட்டுரையைப் பக்கத்துப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். தடுமாறும் இடத்தில் எழுதியவரே கோடு போட்டுக்கொள்வார்.

கேள்வி கேட்டவர்:
சரி சார். ஒரே பாடவேளையில் முடியுமா?

பதில் 1:
முடியாது. எழுதுவது ஒரு நாள், திருத்துவது மறுநாள்.