அறை செயலியில கிடைக்கும், படகு நேரம் கிடைக்காது

யாழ்ப்பாணம் வர முதல் செயலிகளில திட்டம் போடுற ஆக்களுக்கு, தெரிஞ்சவை இதில எழுதுங்கோ எண்டு கேட்டதுக்கு வந்த பதில்கள், இடம் இடமாக.

தீவுப்பகுதி

அறை, வாகனம், பார்க்கிற இடம் எல்லாம் ஒரே திரையில வந்தால் அதில இல்லாதது பயணத்திலயும் இல்லாமல் போகுது. முதலில் விடுபடுறது நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து அங்க ஓடுற சாதாரணப் படகை அந்தத் திரையில காணமாட்டியள். அதனால திட்டத்தைப் படகில இருந்து தொடங்குங்கோ. அறையைப் பிறகு பிடிக்கலாம்.

காத்துக் காலத்தில படகு நேரம் மாறும், ஓடாமலும் விடும். முதல்நாளே தங்குமிடக்காரரைக் கொண்டு விசாரிப்பிக்கிறது நல்லது. 776 பஸ் யாழ் நகரில இருந்து இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம், கடலில இன்னொரு மணித்தியாலம். தீவில இறங்கின உடன, திரும்புற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு கேளுங்கோ. அதுக்குப் பிறகுதான் ஓட்டோ பேசி, பெருக்குமரம், குதிரைகள், கோட்டை.

அறை எடுக்கேக்க 'காலைச் சாப்பாட்டுடன்' எண்ட விலையைத் தொடாதேங்கோ. விடிய வெளிக்கிடுற ஆளுக்கு அது வீண் காசு. பஸ் நிலையத்துக்குக் கிட்ட எடுங்கோ.

காரைநகர்

'இவ்வளவு கிலோமீற்றர் தூரம்' எண்டு பட்டியலில போடுறது பலநேரம் நேர்கோட்டுத் தூரம். இஞ்ச நடுவில கடல் கிடக்கு. காரைநகரில நிண்டு பார்த்தால் ஊர்காவற்றுறை கண்ணுக்கு முன்னால. றோட்டால போறதெண்டால் யாழ் நகருக்கு வந்துதான் சுத்தவேணும். குறுக்கே 'பாதை' எண்டு சொல்லுற மிதவை ஓடுது. ஆக்களும் மோட்டார் சைக்கிளும் ஏறலாம். ஆனால் திருத்த வேலைக்கு நிக்கிற நாளும் இருக்கு. கசூரினாக் கடற்கரையில குளிச்சிட்டுத் தீவுப்பக்கம் போக நினைக்கிறவை, அண்டைக்குப் பாதை ஓடுதோ எண்டு கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ.

நல்லூரடி

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். 'ஆகஸ்ட்' எண்டு மட்டும் போட்டுத் தேடினால் பிழைக்கும். தேர் 2024இல் செப்டம்பர் 1, 2025இல் ஆகஸ்ட் 21. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதி போடுங்கோ. 'கோயிலுக்கு 300 மீற்றர்' எண்ட அறையைப் பிடிச்சாலும், அந்த நாட்களில கோயிலைச் சுத்தின றோட்டுகளைப் பூட்டியிருப்பினம். வாகனம் எந்தச் சந்தி வரைக்கும் வரும், பெட்டியோட எவ்வளவு நடக்கவேணும் எண்டு வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்கோ. ஒழுங்கைக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு வரைபடப் புள்ளி தள்ளி விழும், அதனால கிட்ட இருக்கிற கோயில் அல்லது கடையின்ர பேரையும் வாங்கி வையுங்கோ.

விலையைக் கடைசித் திரையில பாருங்கோ. சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் சில இடங்களில அங்கதான் ஏறும்.