குடியிருப்பின் கீழே பந்தல் சாமான் கிடங்கு இருக்கலாமா?

குடந்தைப் பந்தல்காரர்:
கும்பகோணத்தில் எங்கள் தெருவார் மனு ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் கீற்று, சாமியானாத் துணி, தெர்மாக்கோல், பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை அடுக்கக் கூடாதாம். ஊருக்கு வெளியே தனிக் கிடங்கு பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கீற்று தானாகப் பற்றிக்கொண்டதை ஒருநாளும் கண்டதில்லை. ஜெனரேட்டருக்கு வைத்திருக்கும் டீசலும் இரண்டு கேன்தான். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாதவரை, 2,500 லிட்டர் டீசலுக்கு உரிமமே கேட்பதில்லை. சட்டம் விட்டுவைத்ததைத் தெரு பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

திருவையாற்றுவாசி:
ஐயா, 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது எரிந்தது யாகசாலைப் பந்தல். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் எரிந்தது கல்யாண மண்டபத்தின் மாடிமேல் போட்ட பந்தல். அதே ஆண்டு ஜூலை 16 அன்று உங்கள் ஊரிலேயே பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். மூன்றிலும் கீற்று இருந்தது. காவிரிக் கரையில் இருப்பவருக்கு இதை இன்னொருவர் எடுத்துச்சொல்ல வேண்டிவருவதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

குடந்தைப் பந்தல்காரர்:
அந்த நாளை எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நான் அதே ஊரில்தான் இருந்தேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் ஆள் கூடிய இடங்கள். பள்ளியில் மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து நெருப்பு கிளம்பியது. மற்ற இரண்டு இடங்களிலும் பந்தலுக்கடியில் விசேஷம் நடந்துகொண்டிருந்தது. என் கிடங்கில் அடுப்பும் இல்லை, கூட்டமும் இல்லை. பூட்டிய ஷட்டருக்குள் நெருப்பை யார் கொண்டுவரப் போகிறார்கள்?

மன்னார்குடி விவசாயி:
தானாகப் பற்றாது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். குறுவை அறுவடை மழையில் சிக்கி, ஈரம் காயாமல் போர் போட்ட வைக்கோலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் சுடும். அந்தச் சூடு ஏறி ஏறிப் போர் கருகிய கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கீற்று அந்த அளவுக்குச் சூடேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீபாவளி ராக்கெட்டுக்கு உங்கள் ஷட்டரின் மேலுள்ள காற்றுத் துவாரம் போதும்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், தஞ்சை:
உரிமம் தேவையில்லை என்பதும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதும் வெவ்வேறு. பெட்ரோலியச் சட்டத்தின் அந்த வரம்பு டீசலின் அளவைப் பற்றியது. அதற்கு இரண்டடி தள்ளி என்ன அடுக்கியிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, குடியிருப்பை ஏ தொகுதியிலும் கிடங்கை எச் தொகுதியிலும் வைத்து வேறு வேறு ஏற்பாடுகளைச் சொல்கிறது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒரே படிக்கட்டை நம்பி இருக்கும்போதுதான் ஆபத்து.

சென்ற மார்கழியில் இப்படியொரு கிடங்கைப் பார்த்தேன், ஊரைச் சொல்லப்போவதில்லை. கல்யாணங்கள் இல்லாத மாதம் என்பதால் சாமான் முழுவதும் வீடு திரும்பியிருந்தது. மெயின் சுவிட்சை எட்ட வேண்டுமானால் நாற்காலி அடுக்கு ஆறையோ ஏழையோ நகர்த்த வேண்டும். மாடிப் படியில் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாகத் தெர்மாக்கோல் அன்னப்பறவைகள் உட்கார்ந்திருந்தன. மேலே குடியிருந்த பாட்டி அவற்றைத் தாண்டித்தான் பால் வாங்க இறங்கிவந்தார். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் விட்டது. எலி கடித்த ஒரு வயரில் பொறி பறந்தால் தெர்மாக்கோல் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை படிக்கட்டு வழியாகப் புகைபோக்கிக்குள் ஏறுவதுபோல் ஏறும், சுடர் மாடிக்கு வருவதற்கு முன்பே அந்தப் புகை ஆளை மயக்கிவிடும்.

கீற்றையும் எப்படி வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டிப் படுக்கவைத்த கட்டு வெளிப்புறத்தில் மெதுவாகக் கருகும். சுவரில் சாய்த்து நிறுத்திய கீற்றோ இடையில் காற்று புகுவதால் கண்மூடித் திறப்பதற்குள் உத்தரத்தைத் தொட்டுவிடும். நம் தெருக்களில் பலரும் சாய்த்துத்தான் வைக்கிறார்கள்.

திருவையாற்றுவாசி:
சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், தீயணைப்பு வண்டி நுழையாத சந்து. இவையும் சேர்ந்த பிறகு பேச என்ன இருக்கிறது? மனுவில் நானாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவேன்.

குடந்தைப் பந்தல்காரர்:
பொறியாளர் ஐயா சொன்ன அன்னப்பறவை என்னைச் சுட்டுவிட்டது; என் வீட்டுப் படியிலும் பிளாஸ்டிக் பூ மூட்டைகள் கிடக்கின்றன. அவற்றை நாளைக்கே எடுத்துவிடுவேன், சுவிட்சு போர்டுக்கு முன்னால் மூன்றடி காலியாக விடுவேன், டீசலை வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிடுவேன். ஆனால் ஊருக்கு வெளியே கிடங்கு என்றால் வாடகை, காவல், முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு சாமான் ஏற்ற இரண்டு நடை வண்டி. தாராசுரம் பக்கம் விசாரித்தேன். கேட்கும் முன்பணத்துக்கு ஒரு தை மாதச் சம்பாத்தியம் முழுவதும் போய்விடும். மனு எழுதுகிறவர்களும் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னிடம் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். தைக்குப் பிறகு கீற்றையும் தெர்மாக்கோலையும் மட்டும் மாற்றுகிறேன், நாற்காலியும் துணியும் இங்கேயே இருக்கட்டும் என்பது என் நிலை.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், தஞ்சை:
அவகாசம் கேட்பதில் தவறில்லை. அதுவரைக்கும் ஒன்றுதான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டு மாடிச் சன்னல்களில் உள்ளேயிருந்து திறக்கக்கூடிய கம்பி ஒன்றாவது உண்டா?

குடந்தைப் பந்தல்காரர்:
இல்லை, ஐயா. திருட்டுப் பயத்தில் நான்கையும் நான்தான் வெல்டிங் வைத்து அடைத்தேன்.