பதில்: கேம்கார்டர் படத்தில் வரும் நாய்ஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

இருட்டில் எடுத்த வீடியோவில் பொடிப்பொடியாக ஊர்கிற குறையை ஆங்கிலத்தில் நாய்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் குழுவில் ஓடும் கேள்வி. குழுவில் மன்னார்குடி ஐயா நேற்று எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> பொறியியல் பாடங்களில் இரைச்சல் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவானேன்?

பொறியியலுக்கு அது இருக்கட்டும் ஐயா, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கேம்கார்டர் படத்தோடு ஒலியையும் பதிகிற கருவி. "இந்தக் கேமராவில் இரைச்சல் அதிகம்" என்று ஒருவர் எழுதினால், வாங்கப் போகிறவர் எதை நினைத்துக்கொள்வார்? மைக்கில் 'உஸ்' என்று கேட்பதையா, ஜூம் மோட்டார் ஓடும் சத்தத்தையா, இருட்டில் படத்தின்மேல் பொடிப்பொடியாக ஊர்வதையா? மூன்றும் வெவ்வேறு குறைகள், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கண்ணுக்குத் தெரிகிற குறைக்குக் காதின் சொல்லை வைத்தால் இந்தக் குழப்பம் போகவே போகாது.

நான் முன்வைக்கும் சொல் படநொய். பேச்சில் வெறும் நொய். நொய் என்றால் உடைந்த அரிசி.

இதை எனக்குக் கொடுத்தது என் அத்தை. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். சில வருஷங்களுக்கு முன் வைகாசியில், தஞ்சாவூர் முத்துப்பல்லக்குத் திருவிழா பார்க்க, வீட்டுக்கென்று வாங்கிய சின்ன கேம்கார்டரோடு போயிருந்தேன். பல்லக்கு முழுக்க சீரியல் விளக்கு. நாலடி தள்ளி நாகஸ்வரக்காரர் நின்ற இடத்தில் கும்மிருட்டு. ஜூமைக் கடைசிவரை இழுத்து அவர் முகத்தை எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. மறுநாள் வீட்டு டிவியில் போட்டால், அவர் கன்னத்திலும் பின்னாலிருந்த இருட்டிலும் சிவப்பும் நீலமுமாகப் பொடி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டாப்பா, அந்த மனுஷன் மூஞ்சில நொய்ய அள்ளித் தூவுன மாதிரில்ல இருக்கு?" என்றார். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் இது.

காரணத்தோடும் இந்தச் சொல் ஒத்துப்போகிறது. ஒளி, குழாய்த் தண்ணீர் போலச் சீராக வருவதில்லை. தூற்றும்போது விழுகிற நெல் போல மணிமணியாக, முன்னும் பின்னுமாக வந்து விழுகிறது. நல்ல வெயிலில் ஒரு படப்புள்ளியில் (பிக்சலில்) 10,000 மணி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது 100 அளவில் இருக்கும், அதாவது நூற்றில் ஒரு பங்கு. இருட்டில் 100 மணிதான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கேமரா அந்தக் கொஞ்ச ஒளியைப் பெருக்கிப் பளிச்சென்று காட்டப் பார்க்கிறது. பெருக்கத்தை டெசிபல் கணக்கில் சொல்வார்கள்; ஒவ்வொரு 6 டெசிபல் கூட்டலுக்கும் படத்தின் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகும்போது, இந்த ஏற்ற இறக்கமும் கூடவே இரண்டு மடங்காகிறது. முழுமணி குறைந்து, உடைசல் மிகுந்து நிற்கிற அரிசிதான் இது. வீட்டுக் கேம்கார்டரில் ஒளியை வாங்குகிற சில்லான சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெரும்பாலான லென்ஸ்களில் ஜூமை இழுக்க இழுக்க உள்ளே வரும் வெளிச்சமும் குறையும். அன்றைக்கு நான் செய்தது இரண்டு தப்பையும் சேர்த்து.

எங்கள் வீடியோக்காரர்கள் இப்போது "கிரெயின்ஸ் அடிக்குது" என்கிறார்கள். பிலிம் காலத்திலிருந்து வந்த பேச்சு. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் தானியமணி என்றுதானே பொருள்? அவர்கள் தானியத்தில் எடுத்ததை நெல் விளைகிற ஊர்க்காரர்கள் நாம் அரிசியில் எடுப்பதில் என்ன தடை? "நொய் அடிக்குது" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இடறவே இல்லை.

திருவையாறு அக்கா குருணை என்றார். அழகான சொல்தான், ஆனால் நம் பக்கத்து வயலில் குருணை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பூச்சிக்குத் தூவுகிற குருணை மருந்து. துகள் என்ற சொல், இயற்பியலுக்குப் போய்விட்டது. புள்ளி, படப்புள்ளிக்குப் போய்விட்டது.

நொய்க்கு எதிராக எனக்கே உறுத்துவது ஒன்றுதான்: ஒரு கொம்பு மாறினால் நோய் ஆகிவிடும். தட்டச்சுப் பிழையில் 'படநோய்' என்று வந்தால் விபரீதம். அதனால்தான் எழுத்தில் எப்போதும் படநொய் என்று சேர்த்தே எழுதலாம் என்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'அரிசி நொய் போல' என்று நாலு சொல் சேர்த்துவிட்டால் போதும். ஆங்கில நாய்ஸோடு ஒலி ஒத்திருப்பதை ஒருவர் குறையாகச் சொல்லியிருந்தார். நொய் நம் சொல், ஒத்திருப்பது தற்செயல், நினைவில் நிற்க அது உதவத்தான் செய்யும்.

ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். நிறம் மாறாமல் வெளிச்சம் மட்டும் ஏறி இறங்குவது ஒளிநொய். நிறம் நிறமாக ஊர்வது நிறநொய். கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இதுதான். கேமரா தானாக அதைக் குறைக்கிற வசதிக்கு மயிலாடுதுறைத் தம்பி 'நொய் நீக்கம்' என்றார். எனக்கு 'நொய் கொழிப்பு' பிடித்திருக்கிறது. நீக்கம் என்றால் சுத்தமாகப் போய்விட்டது என்ற நினைப்பு வருகிறது. முறத்தில் கொழிக்கும்போது, அதாவது அரிசியை அசைத்து நொய்யைப் பிரிக்கும்போது, கை கொஞ்சம் ஓங்கினால் நொய்யோடு நல்லரிசியும் போய்விடும். கேமராவும் அப்படித்தான். பட்டுப்புடவை ஜரிகையின் நுணுக்கமும் தலைமுடியின் இழையும் நொய்யோடு வழிக்கப்பட்டு, முகம் மெழுகு பூசியது போலாகிவிடும். அடுத்தடுத்த 4 சட்டகங்களை (ஃபிரேம்களை) சராசரி எடுத்தால் நொய் பாதியாகும். ஆனால் தவில்காரர் கை வேகமாக அசையும்போது பின்னால் புகை போல ஒரு நிழல் இழுபடும்.

சொல் கையில் இருந்தால் கடையிலும் உதவும். கடை வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் உத்தமம். மேஜைக்கு அடியில் இருட்டைக் காட்டி, ஜூமை முழுக்க இழுத்து, அரை நிமிஷம் பதிந்து, பெரிய டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிறநொய் எவ்வளவு, கொழிப்பு எவ்வளவு கடுமை என்று அங்கேயே தெரிந்துவிடும். எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று பெட்டியில் அச்சடித்த லக்ஸ் எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஷட்டரை மெதுவாக்கி, பெருக்கத்தை ஏற்றி, ஏதோ ஒரு உருவம் தெரிந்தாலே அந்த எண்ணைப் போட்டுவிட முடியும். 0 லக்ஸ் என்றிருந்தால் அது அகச்சிவப்பு விளக்கு போட்டு எடுக்கிற ஒற்றை நிறப் படம். பதிவுமுறையையும் கவனியுங்கள். 2006-இல் வந்த ஏவிசிஎச்டி என்ற பதிவுமுறை, தொடக்கத்தில் வினாடிக்கு 24 மெகாபிட்டுக்குள் படத்தைச் சுருக்கி அடக்க வேண்டியிருந்தது. நொய் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், சுருக்கும் வேலைக்கு அது ஓயாத புதுச் செய்தி. பிட்டை நொய் தின்றுவிட, உண்மையான படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

ஸ்டுடியோ நண்பர்களுக்காகக் கேமரா வாங்குவது பற்றி இரண்டு பக்கக் குறிப்பு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அதில் படநொய், நிறநொய் இரண்டையும் போட்டுவிட்டேன். நீக்கமா கொழிப்பா என்பதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு முறம் பிடிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொழித்தல் என்றால் விளங்குமா என்று மயிலாடுதுறைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.