பிரிட்டனில் டைவிங் சூப்பர்வைசர் ஆக விரும்பும் புதியவர்களுக்கு

மும்பை ஹை எண்ணெய் வயலில் டைவராக இருந்தவர்கள், இலங்கைக் கடற்படையில் சுழியோடியாக இருந்தவர்கள் இங்கே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சூப்பர்வைசர் கோர்ஸ் எங்கே நடக்கிறது?" கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. வரிசை மாறினால் பணமும் போகும், வருடமும் போகும்.

முதலில் உங்கள் டைவர் தகுதி. இங்கே சம்பளத்துக்குச் செய்யும் நீருக்கடி வேலை எல்லாம் 1997-ஆம் ஆண்டின் 'டைவிங் அட் ஒர்க்' விதிகளுக்குள் வரும். அங்கீகரித்த தகுதிகளின் பட்டியலை, பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஹெச்.எஸ்.இ வைத்திருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ்கள் சிலவும் அதில் உண்டு. உங்கள் சான்றிதழின் பெயர் அப்படியே அதில் இருக்க வேண்டும். "ஏறக்குறைய அதே பயிற்சிதான்" என்ற வாதம் எடுபடாது. பேடி (PADI) போன்ற பொழுதுபோக்கு டைவிங் கார்டுகள் துறைமுகம், அணை, எண்ணெய்த் தளம் எதற்கும் உதவாது. பட்டியலில் இல்லையென்றால் ஹெச்.எஸ்.இ சர்ஃபேஸ் சப்ளைடு (மேலிருந்து ஹோஸ் வழியே காற்று தரும் டைவிங்) பயிற்சியை முடித்துத்தான் ஆக வேண்டும். ஆஃப்ஷோர் (நடுக்கடல் வேலை) போக அதன்மேல் டாப்-அப் பயிற்சி தேவை. மருத்துவச் சான்று வருடாவருடம், அதுவும் ஹெச்.எஸ்.இ அங்கீகரித்த டைவிங் மருத்துவரிடம். உங்கள் குடும்ப மருத்துவர் (ஜி.பி) கொடுக்கும் கடிதம் செல்லாது.

அடுத்தது, எந்தப் பாதை என்று முடிவு செய்வது. துறைமுகம், பாலம், அணை, ஸ்காட்லாந்தின் சால்மன் பண்ணை இவையெல்லாம் இன்லேண்ட்/இன்ஷோர். இந்தப் பக்கம் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏ.டி.சி என்ற டைவிங் நிறுவனங்களின் சங்கத்தின் சூப்பர்வைசர் சான்றைப் பார்க்கும். வட கடல் பக்கம் போனால் ஆஃப்ஷோர் நிறுவனங்களின் சங்கமான இம்காவின் சான்று. அதில் பயிற்சி நிலை சூப்பர்வைசருக்கான கோர்ஸ், பிறகு தகுதி பெற்ற சூப்பர்வைசரின் பக்கத்தில் உட்கார்ந்து பேனல் (டைவரின் காற்றையும் ஆழத்தையும் மேலிருந்து கட்டுப்படுத்தும் பலகை) மணிநேரம், அதன் பிறகு தேர்வு. ஏர் (காற்றில் செய்யும் டைவிங்), பெல் (ஆழத்துக்கு மணிக்கூண்டில் இறக்கும் டைவிங்) என்று சான்று இரண்டு வகை. கோர்ஸில் சேரவே ஆஃப்ஷோர் டைவராக அனுபவம் கேட்பார்கள். துறைமுகத்தில் எத்தனை டைவ் செய்திருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. ஆஃப்ஷோர் ஹெலிகாப்டரில் ஏற பாசியட் (BOSIET) என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும், அது 4 வருடம் செல்லும்.

பலர் வழுக்கி விழும் இடம் லாக் புக். பேனல் மணிநேரத்தை அன்றன்றே எழுதுங்கள்: தேதி, கப்பல் அல்லது இடம், ஆழம், டைவ் வகை, எத்தனை மணி நேரம், மேற்பார்த்தவரின் கையெழுத்து, கம்பெனி முத்திரை. வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கையெழுத்து வாங்கப் போனால் அந்த சூப்பர்வைசர் வேறு நாட்டில் இருப்பார், கம்பெனி பெயர் மாறியிருக்கும். கையெழுத்தில்லாத மணிநேரத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, சான்றிதழ் கையில் வந்துவிட்டால் சூப்பர்வைசராகப் போய் நிற்கலாம்தானே?

இல்லை தம்பி. டைவிங் கான்ட்ராக்டர் உங்களை எழுத்தில் நியமிக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பேனலில் உட்காராதீர்கள். எந்த வேலை, எந்த நேரம், எந்தப் பகுதி உங்கள் பொறுப்பு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு டைவிங் வேலைக்கு ஒரு நேரத்தில் ஒரே சூப்பர்வைசர். ஷிப்ட் மாற்றினால் அதையும் நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். சூப்பர்வைசராக இருக்கும்போது நீங்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது, "அஞ்சு நிமிஷம்தான்" என்றாலும். சர்ஃபேஸ் சப்ளைடு வேலைக்கு இன்லேண்டில் வழக்கமான குறைந்தபட்சம் 4 பேர்: சூப்பர்வைசர், டைவர், ஸ்டாண்ட்பை டைவர் (ஆபத்தென்றால் இறங்கத் தயாராக இருப்பவர்), டெண்டர் (டைவரின் ஹோஸைப் பிடித்துக் கவனிப்பவர்). ஆஃப்ஷோரில் 5, ஸ்டாண்ட்பைக்கும் தனி டெண்டர். ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கு டைவ் கிடையாது.

இதைச் சொல்வதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். வயதில் மூத்தவர், கப்பல் கேப்டன், கிளையன்ட் இவர்களிடம் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லி நாம் பழகவில்லை. ஆனால் டைவின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய யாருக்கும் நியாயமான உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தை விதிகளே சூப்பர்வைசருக்குத் தருகின்றன. பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

கேள்வி: பேனலில் புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

நியூமோவில், அதாவது டைவரிடம் போகும் மெல்லிய ஹோஸின் காற்றழுத்தத்தை வைத்து ஆழம் காட்டும் கருவியில். ஆழம் பார்க்க வால்வைத் திறந்து காற்றை விடுவோம், டைவர் "பபிள்ஸ்" என்பார், வால்வை மூடுவோம், முள் நின்றதும் படிப்போம். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே படித்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும். அதில் ஆபத்து குறைவு. ஆபத்து மறுபக்கம்: மூடிவிட்டு நேரம் கழித்துப் படித்தாலோ, ஹோஸில் கசிவு இருந்தாலோ, டைவர் ஹோஸ் முனையைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாலோ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முனை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கனடாவின் டி.சி.ஐ.இ.எம் டைவிங் அட்டவணையில் 15 மீட்டருக்கு நோ-ஸ்டாப் எல்லை (நடுவில் நிற்காமல் நேரே மேலே வரக்கூடிய அதிகபட்ச நேரம்) 75 நிமிடம், 18 மீட்டருக்கு 50. நியூமோ 15.2 காட்டினால் நீங்கள் 18 மீட்டர் வரிசையில் இருக்கிறீர்கள். அரை மீட்டர் குறைத்துப் படித்தால் டைவருக்கு 25 நிமிடம் தவறாகக் கொடுத்துவிடுவீர்கள். ஆழமும் நேரமும் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கப்படும்.

பெயில்அவுட் பாட்டிலையும் (டைவர் சுமக்கும் அவசரக் காற்று) "200 பார், சரி" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். 30 மீட்டரில் சுற்றழுத்தம் 4 பார். 12 லிட்டர் பாட்டிலில் 200 பார் இருந்தால், ரெகுலேட்டருக்கு 15 பார் கழித்து 2,220 லிட்டர். சாதாரண வேலை மூச்சு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் ஆழத்தில் 160. கிட்டத்தட்ட 14 நிமிடம் வரும். பயந்து மூச்சிரைப்பவருக்கு 62.5 என்று போட்டால் 250. 9 நிமிடம்கூட வராது. அம்பிலிக்கல் (மேலிருந்து டைவருக்கு வரும் ஹோஸ் கட்டு) சிக்கியிருந்தால் அதை விடுவிப்பதும் இந்த 9 நிமிடத்துக்குள்தான். ஹெல்மெட்டின் நான்-ரிட்டர்ன் வால்வை (காற்று திரும்பி மேலே போகாமல் தடுப்பது) ஒவ்வொரு டைவுக்கும் முன் சோதியுங்கள். மேலே ஹோஸ் வெடித்தால் டைவரின் முகத்தைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

இன்னொருவரின் (ஓர் அக்காவின்) பதில்: அண்ணா சொன்னதோடு அணை, லாக் கேட் (கால்வாய் மதகு) வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று. இன்லேண்டில் ஆளை விழுங்குவது ஆழம் அல்ல, நீர்மட்ட வித்தியாசம். 30 செ.மீ விட்டமுள்ள ஒரு ஓட்டை, இரண்டு பக்கத்துக்கும் இடையே 3 மீட்டர் மட்ட வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓட்டையை உடம்பு அடைத்தால் 200 கிலோவுக்கு மேல் அழுத்தும். டெண்டர் இழுத்து எடுக்க முடியாது, மட்டம் சமமாகும் வரை டைவர் அங்கேயேதான். மூன்று மீட்டர்தானே என்று நினைத்துத்தான் ஆட்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். ஆகவே கேட், பம்ப், வால்வு ஒவ்வொன்றுக்கும் பூட்டு போட்டு, சாவி சூப்பர்வைசர் கையில் இருக்க வேண்டும். கன்ட்ரோல் ரூமிலிருந்து "ஆஃப் பண்ணியாச்சு" என்று போனில் சொன்னால் போதாது. நேரில் போய்ப் பூட்டைப் பாருங்கள். நடந்து போக நேரமில்லை என்று கிளையன்ட் சொன்னால் டைவுக்கும் நேரமில்லை.

கேள்வி: அக்கா, நான் அண்ணாவிடம் கேட்க நினைத்தது, நீங்களே சொல்லுங்கள். சேம்பர் (அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை) எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்?

இன்லேண்ட் நடைமுறைக் கோவையின்படி, நீருக்குள் டீகம்ப்ரெஷன் நிறுத்தம் (மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) இல்லாத 10 மீட்டர் வரையிலான டைவுக்கு 6 மணி நேரப் பயணத் தூரத்துக்குள். 10-க்கு மேல் 50 மீட்டர் வரை, நிறுத்தம் இல்லாமல் அல்லது 20 நிமிடத்துக்குள் இருந்தால் 2 மணி நேரத்துக்குள். 20 நிமிடத்தைத் தாண்டும் நிறுத்தம் திட்டமிட்டால் சேம்பர் அதே இடத்தில் தயாராக இருக்க வேண்டும். காலையில் டைவ் திட்டம் எழுதும்போதே அந்த சேம்பருக்குப் போன் போட்டு, இன்று இயங்குகிறதா என்று கேட்டுப் பதிலளித்தவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். வரைபடத்தில் இருக்கும் சேம்பர் அன்றைக்குப் பராமரிப்பில் இருக்கலாம்.