ஆச்சி வீட்டுக் குழு: கம்புக்கு என்ன தடவ?

சனி, காலை 8:40

கார்த்தி: (படம்)

கார்த்தி: பெரியப்பா, நீங்க பந்து ஆடக் குடுத்த ஸ்னூக்கர் கம்பு, அதான் க்யூ. ஒரு வாரமா கையில ஒட்டுது. ஷாட் அடிக்கையில விரல் நடுவுல வழுக்காம இழுக்குது. எண்ணெய் போடணுமா, மெழுகு போடணுமா?

பெரியப்பா: ஒட்டுதா? ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல முப்பது வருஷம் அத வச்சுத்தான் ஆடுனேன். ஒரு நாள் ஒட்டல. என்னத்தடே தடவுன?

கார்த்தி: ஒண்ணும் தடவலையே

அம்மா: பொய் சொல்லாத. பாத்ரூம்ல இருந்த தேங்காயெண்ணெய் பாட்டில் திங்கக்கிழமைல இருந்து காணோம்.

மீனா: 😂😂

கார்த்தி: கொஞ்சம்தான்மா. மரம் காஞ்சு வெளுத்துக் கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு.

பெரியப்பா: எது வரைக்கும் தடவுன?

கார்த்தி: ஃபுல்லா

பெரியப்பா: நுனித் தோல்லயுமா?

கார்த்தி: ம்

பெரியப்பா: போச்சு. எண்ணெய் குடிச்ச தோல் டிப்ல சாக் தூள் பிடிக்காது. வெள்ளைப் பந்துல பட்டதும் சறுக்கிட்டு ஓடும். அதப் பிச்சுட்டு வேற ஒட்டணும்.

கார்த்தி: அதான் நேத்து மூணு மிஸ்க்யூ 😭

அத்தை: எண்ணெய்யே வேண்டாம்டா. தேன்மெழுகு போடு. என் வீணையில எத்தன வருஷமா மெழுகுதான் இருக்கு, கம்முனு உக்காந்திருக்கு.

மாமா: வீணையில மெழுகு எதுக்கு? மெட்டு நகராம பிடிச்சு வைக்க. இவனுக்கு வேண்டியது வழுக்குறது. பிடிக்கறது இல்ல.

மாமா: அதுவும் கம்முனு எங்க உக்காந்துச்சு? போன மே மாசம் இளகி மெட்டெல்லாம் சாஞ்சு, மேளம் கட்ட, அதான் மெட்டத் திரும்ப மெழுகுல பதிக்க, ஆளத் தேடி மும்பை மாட்டுங்கா பூரா நான்தான் அலஞ்சேன்.

அத்தை: அது வெயில்.

மாமா: கைச்சூடும் சூடுதான். தண்டுல மெழுகு போட்டுட்டு இந்த மழைக்காலத்துல வேர்த்த கையோட ஆடிப் பாரு. அரை மணி நேரத்துல பிசுபிசுன்னு ஆயிரும். அடிப்பக்கம், வலது கை பிடிக்கற இடத்துல வேணா போடலாம். அங்க எதுவும் வழுக்கத் தேவையில்ல.

அம்மா: (குரல் பதிவு 0:52)

மீனா: அத்தே நான் கிளாஸ்ல இருக்கேன், டைப் பண்ணுங்க

அம்மா: ஆச்சி பேசுனது. அடிப்பக்கம் கருப்பா இருக்கே அது என்ன மரம்னு கேட்டா. கருங்காலின்னு சொன்னேன். "கருங்காலிக்கா எண்ணெய்? எங்க வீட்டு உலக்கை கருங்காலிதான். எங்க மாமியாரும் போடல, நானும் போடல. கைபட்டுக் கைபட்டே மினுங்கும்"ங்கா.

மாமா: ஆச்சி சொல்லுதது சரி. கருங்காலி இறுகுன மரம், பெருசா எதையும் குடிக்காது. குடிக்கறது முன்பாதிதான். கார்த்தி, தண்டுல ரேகையக் கிட்டத்துல ஒரு படம் போடு.

கார்த்தி: (படம்)

மாமா: ஆங், ஆஷ் மரம். அம்பு அம்பா ஓடுது பாரு, அந்தக் கோடெல்லாம் திறந்த துளை. நகம் வச்சு இழுத்தா தட்டுப்படும். நீ தடவுன தேங்காயெண்ணெய், கை அழுக்கு, சாக் தூள் எல்லாம் அதுக்குள்ள போய்க் குழம்பாக் கிடக்கு. மேபிள்னா மூடுன மரம், இவ்வளவு குடிச்சிருக்காது.

கார்த்தி: தேங்காயெண்ணெய் ஏன் ஆகாது மாமா? அதுவும் எண்ணெய்தானே

மாமா: எண்ணெய்ல காயற எண்ணெய், காயாத எண்ணெய்னு ரெண்டு சாதி இருக்கு. தேங்காயெண்ணெய் எத்தன நாள் ஆனாலும் காயாது, அப்படியே இருந்து சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காத்துல இருக்க ஆக்ஸிஜன இழுத்துக்கிட்டுத் தானா இறுகிரும். அதனாலதான் மரவேலைக்கு அது. நடுவுல இருக்கறது சூரியகாந்தி மாதிரி. உங்கம்மா அடுப்புக்கு மேல எக்ஸாஸ்ட் ஃபேன் றெக்கையத் தொட்டுப் பாரு, காயவும் இல்லாம வழியவும் இல்லாம ஒரு பிசின் இருக்கும்ல, அது.

அம்மா: அண்ணே, என் ஃபேன எதுக்கு இழுக்கீங்க. தீபாவளிக்குத் துடைப்பேன்.

மாமா: 🙏

மாமா: முதல்ல இருக்கறத எடு. பெயின்ட் கடையில தார்பின், அதான் டர்பன்டைன், வாங்கு. துணியில கொஞ்சமா நனச்சுத் துடை, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். ஜன்னலத் திறந்து வை, அடுப்புப் பக்கம் போகாத. ஒரு நாள் ஆற விட்டு அப்புறம் எண்ணெய்.

பெரியப்பா: உப்புத்தாள் போட்டுறாதடே. ஒருத்தன் வாரா வாரம் தேய்ச்சுத் தேய்ச்சு நுனிய ஈர்க்குச்சி ஆக்கிட்டான். பித்தளைப் பூண் வெளிய தூக்கிட்டு நின்னுச்சு. போன மரம் திரும்ப வராது.

காலை 11:15

கார்த்தி: கடையில நிக்கேன். ஆளி விதை எண்ணெய், இந்தில அல்சி தேல்னு கேட்டா பச்சையா, டபுள் பாயில்டாங்கான். எது?

பெரியப்பா: பச்ச எண்ணெய். கிரிக்கெட் பேட்டுக்குப் போடறோம்ல, அதே. நாங்க வேற எதுவும் தொட்டதில்ல.

மாமா: மச்சான், நீங்க டிசம்பர்ல போட்டிருப்பீங்க. இந்த ஆகஸ்ட் ஈரத்துல பச்ச எண்ணெய் காய ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் பய சும்மா இருப்பானா? பாயில்ட் வாங்கு. பேருதான் பாயில்ட், சீக்கிரம் காய உலோக உப்பு கலந்திருப்பான். ஒரு நாள், ரெண்டு நாள்ல இறுகிரும்.

பெரியப்பா: ஆனா கனமாப் படியும் மாப்ளே.

மாமா: கனமாப் போட்டாத்தான் படியும்.

கார்த்தி: அவன் வெயிட் பண்றான் ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு சொல்லுங்க

பெரியப்பா: பாயில்டே வாங்கு. மாப்ளை மரத்துல சோறு தின்னுதவரு.

கார்த்தி: அரை லிட்டர் டின்தான் இருக்காம்

மாமா: உன் பேரன் காலம் வரைக்கும் வரும். உனக்கு வேண்டியது பத்துச் சொட்டு.

அம்மா: பத்துச் சொட்டுக்கு அரை லிட்டர். படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கிளப் ஆட்டம் எதுக்குன்னு கேக்க இந்த வீட்டுல ஆள் இல்ல.

பெரியப்பா: இது நம்ம நாட்டு ஆட்டம்மா. 1875-ல ஜபல்பூர்ல பட்டாளத்து அதிகாரி சேம்பர்லின் ஆரம்பிச்சு வச்சது. அப்புறம் விதியெல்லாம் எழுதி மாட்டுனது ஊட்டி கிளப்ல. பில்லியர்ட்ஸ்ல உலக சாம்பியன் ஆன நம்மாளு வில்சன் ஜோன்ஸ், 1958, கல்கத்தா.

அம்மா: ஊட்டிக் குளிருக்குச் சரி அத்தான். நம்ம செம்பூர்ல அரிசி டப்பாவே பூக்குது.

ஞாயிறு, மாலை 4:30

கார்த்தி: தார்பின் போட்டுத் துடைச்சு ஒரு நாள் ஆச்சு. ரெண்டாவது துணி வரைக்கும் கருப்பு, நாலாவதுதான் வெள்ளை. இப்ப எண்ணெய்.

மாமா: நுனியில பூணையும் டிப்பையும் டேப் சுத்தி மூடு. நடுவுல கழட்டற இடத்துல மரைக்குள்ளயும் எண்ணெய் போகக் கூடாது. துணியில மூணு சொட்டு, மரத்துல நேரா ஊத்தாத. ரேகை ஓடற பக்கமாவே இழுத்துத் தேய். கை சூடு ஏறற மாதிரி. பத்து நிமிஷம் விட்டு, காஞ்ச துணியால போட்டது அத்தனையும் எடுத்துரு.

கார்த்தி: எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கும்

மாமா: குடிச்சது உள்ள இருக்கும். மேல நிக்கறதுதான் ஒட்டும்.

மாலை 6:05

கார்த்தி: முடிஞ்சுது. செம கலர், தேன் மாதிரி. (படம்)

அத்தை: அழகா இருக்குடா

மாமா: துணி எங்க?

கார்த்தி: எந்தத் துணி

மாமா: எண்ணெய் துடைச்ச துணி

கார்த்தி: எல்லாத்தையும் சுருட்டிக் கவர்ல கட்டி பால்கனியில பேப்பர் மூட்டை மேல வச்சிருக்கேன். நாளைக்குக் குப்பைக்காரர் வருவாரு

மாமா: ஓடு. இப்பவே. அத எடுத்து வாளித் தண்ணில போடு.

மாமா: (தவறிய அழைப்பு)

மாமா: தங்கச்சி, போன எடுங்க. பால்கனிக்குப் போங்க.

அம்மா: போயிட்டான் அண்ணே. என்ன ஆச்சு?

மாலை 6:13

கார்த்தி: மாமா கவர் சூடா இருக்கு. இப்பத்தான் துவைச்சு இஸ்திரி போட்ட துணி மாதிரி. வெயில்கூட இல்ல!!

கார்த்தி: வாளியில போட்டுட்டேன்

மாமா: அப்பாடா.

மாமா: காயறதுன்னா ஆக்ஸிஜனோட சேருது, சேரும்போது சூடு வரும். விரிச்சுப் போட்டா அந்தச் சூடு காத்துல போயிரும். சுருட்டி வச்சா உள்ளயே ஏறி ஏறித் துணி தானாப் பத்திக்கும். தீக்குச்சி வேண்டாம். பட்டறையில நாங்க கம்பியில ஒத்த ஒத்தையாத் தொங்கப் போடுவோம். முதல்லயே நான் சொல்லியிருக்கணும், எம்மேலயும் தப்பு.

அம்மா: பழைய பேப்பர் ரெண்டு மாசத்துது அங்க இருக்கு அண்ணே. கை நடுங்குது.

மீனா: டேய் கார்த்தி

கார்த்தி: தெரியும் தெரியும்

செவ்வாய், இரவு 9:20

கார்த்தி: பெரியப்பா, புது டிப் போட்டாச்சு. இன்னைக்கு ஆடுனேன். ஒட்டவே இல்ல. சும்மா போய் வருது.

பெரியப்பா: நல்லது. இனி ஆறு மாசத்துக்கு எண்ணெயத் தொடாத. ஆடி முடிச்சதும் ஈரத்துணியப் பிழிஞ்சு ஒரு இழுப்பு, உடனே காஞ்ச துணியால ஒரு இழுப்பு. உண்மையச் சொன்னா நான் முப்பது வருஷத்துல பாதி நாள் அவ்வளவுதான் செஞ்சேன். பவுடர் போடாத, கேரம் போர்டு இல்ல இது. மேஜைத் துணி வெளுத்துரும். செவுத்துல சாச்சு வைக்காத, வளையும்.

கார்த்தி: எண்ணெய் போட்டா வளையாதுன்னு பசங்க சொல்றாங்க

மாமா: ஈரம் உள்ள போறதக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். பைக்குள்ள வச்சுப் படுக்கப் போடு.

அத்தை: அடிப்பக்கம் மெழுகு போட்டியா

கார்த்தி: போட்டேன் அத்தே, கருங்காலி மினுங்குது. ஆச்சி பாத்துட்டு "உலக்கை"ன்னா

அம்மா: அண்ணே, ஆச்சி ஒண்ணு கேக்கா. டின்ல அவ்வளவு மிச்சம் இருக்கே, பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா ஜவஸ் சட்னி குடுப்பாளே, அதே விதை எண்ணெய்தானே, இட்லிப்பொடிக்கு ஊத்திக்கலாமாங்கா.

மாமா: ஐயோ வேண்டாம்! அது பெயின்ட் எண்ணெய், உலோகம் கலந்தது. வாயில வைக்கவே கூடாது. டின் மேல பெருசா எழுதி ஒட்டுங்க. சமையல்கட்டுல வைக்காதீங்க.

அம்மா: கார்த்தி, மார்க்கர் எங்கடா?

அம்மா: அப்படியே என் தேங்காயெண்ணெய் பாட்டிலும்.